இரண்டு யோசேப்புகள்

விவிலியத்தில் யோசேப்பு என்னும் பெயருடையோர் பலர். அவர்களுள் எல்லாரும் அறிந்தவர் இருவர். ஒருவர் பழைய ஏற்பாட்டின் தொடக்க நூலில் வரும் யாக்கோபின் மகன். அடிமையாக விற்கப்பட்டு எகிப்தின் ஆளுநராக உயர்ந்தவர். மற்றவர் புதிய ஏற்பாட்டில் வரும் நாசரேத்தூர்த் தச்சர், மரியாவின் கணவர். கிறித்தவ இளைஞர் கூட்டங்களில் முன்மாதிரியாக எடுத்துரைக்கப்படுபவர் பெரும்பாலும் முதலாமவரே. இரண்டாமவரைக் கத்தோலிக்கர் சூசையப்பர் என்று போற்றி வணங்குகின்றனர்; ஆயினும் இளைஞர் பலருக்கு அவர் கிறித்துமஸ் குடிலின் ஓரத்தில் கோலூன்றி நிற்கும் ஓர் உருவம் மட்டுமே. இன்றைய இளைஞர்கள், அதிலும் காஞ்சிபுரம் போன்ற கைத்தொழில் ஊரில் வளர்பவர்கள், இரண்டாம் யோசேப்பிடம் கற்க வேண்டியதே மிகுதி என்பது என் கருத்து.

முதல் யோசேப்பின் கதை கவர்ச்சி மிக்கது என்பதில் ஐயமில்லை. பதினேழு வயதில் அவர் கனவு காண்கிறார். வயலில் அண்ணன்மாரின் அரிக்கட்டுகள் அவருடைய கட்டைச் சூழ்ந்து வணங்குகின்றன. பின்னொரு கனவில் கதிரவனும் நிலவும் பதினொரு விண்மீன்களும் வணங்குகின்றன. பொறாமை கொண்ட அண்ணன்மார், தந்தை ஆசையாகத் தந்த அங்கியை உரிந்து அவரைக் குழியில் தள்ளுகின்றனர். பின் 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகின்றனர். எகிப்தில் அடிமை வாழ்வு, தலைவனின் மனைவி விரித்த வலை, பொய்ப்பழி, சிறை. முப்பதாம் வயதில் பார்வோனின் கனவுக்குப் பொருள் கூறி நாட்டின் இரண்டாம் இடத்தை அடைகிறார். குழியிலிருந்து அரண்மனைக்குப் பதின்மூன்று ஆண்டுப் பயணம்.

மேடையில் இக்கதை சொல்லப்படும்போது அது பெரும்பாலும் பதவி உயர்வின் கதையாகிவிடுகிறது. 'பொறுத்திரு, தூய்மையாயிரு, உனக்கும் ஓர் அரண்மனை காத்திருக்கிறது' என்பதே இளைஞன் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பொருள். தேர்வாணையத் தேர்வுக்கு மூன்றாம் முறை எழுதுபவனுக்கும், வளாக நேர்காணலில் பெயர் வராதவளுக்கும் நம்பிக்கை தேவைதான். அதைக் குறைகூற மாட்டேன். ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டில் அரண்மனைகள் எத்தனை இருக்க முடியும்? அரண்மனை கிட்டாத பலரும் தம் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று தம்மையே நொந்துகொள்ள நேர்கிறது. வேலையின்மையை ஆன்மிகக் குற்றமாக மாற்றும் இந்தப் போதனை இளைஞரின் தோளில் இரட்டைச் சுமையை ஏற்றுகிறது. யோசேப்பின் உண்மையான உயரம் அவர் ஏறிய தேரில் இல்லை; தம்மை விற்ற அண்ணன்மாரைக் கண்டதும் வாய்விட்டு அழுது, அவர்களை மன்னித்து, உணவளித்ததில் இருக்கிறது. அந்தப் பகுதி மேடையில் விரைவாகக் கடந்து செல்லப்படுகிறது.

மேலும் ஒரு பகுதி பேசப்படுவதே அரிது. அது தொடக்க நூலின் 47ஆம் அதிகாரம். ஏழு ஆண்டு வளத்தில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைத் திரட்டிச் சேமித்த யோசேப்பு, அடுத்து வந்த பஞ்சத்தில் அத்தானியத்தை எகிப்தியருக்கே விற்கிறார். முதலில் மக்களின் பணம் தீர்கிறது. அடுத்து கால்நடைகளைக் கொடுக்கின்றனர். பிறகு நிலத்தைக் கொடுக்கின்றனர். கடைசியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாக ஒப்படைக்கின்றனர். குருமாரின் நிலம் மட்டும் தப்புகிறது. உயிரைக் காத்தீரே என்று அம்மக்கள் நன்றி கூறுவதாகவே நூல் சொல்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், அடிமையாக விற்கப்பட்ட ஒருவர் ஒரு நாட்டையே அடிமையாக வாங்க நேர்ந்த இந்த முரணை விவிலியம் ஒளிக்கவில்லை. ஒளிப்பவர்கள் நாம்தாம்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இவ்விடத்தில் மணிமேகலை நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அந்தக் காப்பியத்திலும் பஞ்சம் உண்டு. அதுவும் எங்கள் காஞ்சி மாநகரிலேயே. மழை பொய்த்து உயிர்கள் வாடும் கச்சிக்கு அமுதசுரபியுடன் வருகிறாள் மணிமேகலை. வந்தவர் எவர், கைம்மாறாக என்ன தருவார் என்று அவள் கேட்கவில்லை. பசித்தவர் அனைவரையும் உண்பிக்கிறாள். ஒன்று அரசின் களஞ்சியம், மற்றொன்று துறவியின் பாத்திரம்; இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று என்பர் சிலர். உண்மையே. ஆனால் பசியைப் போக்குதல் என்னும் ஒரே அறத்துக்கு இரு வழிகள் உண்டு என்பதையும், ஒருவழியில் உண்டவர் கடனாளியாகிறார், மறுவழியில் உண்டவர் விடுதலையோடு எழுகிறார் என்பதையும் இளைஞர் அறிய வேண்டும்.

இந்த வேறுபாடு காஞ்சிபுரத்தாருக்குப் புத்தகச் செய்தி அன்று. பட்டுத்தறியில் முன்பணம் என்றால் என்னவென்று பிள்ளையார்பாளையத்துத் தெருக்களுக்குத் தெரியும். திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முதலாளியிடம் வாங்கிய பணம் கூலியில் கழியாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அது தீரும்வரை வேறிடம் போக முடியாது. கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் இரண்டு. மறுகரை நாடாவைத் தள்ள அருகில் ஒருவர் உட்கார வேண்டும். அந்த இடத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தைகள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆயினும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கடனுக்குப் பிணையான குழந்தைகள் குறித்து 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அன்றைய நிலை இன்று பெரிதும் மாறியிருக்கிறது. ஆனால் அந்நாளில் தறியருகே அமர்ந்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்து இதே ஊரில் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்கள் முன் அரண்மனைக் கதையை மட்டும் சொல்வது போதாது.

இனி இரண்டாம் யோசேப்புக்கு வருவோம். இவரும் கனவு காண்பவரே. மத்தேயு நற்செய்தியில் நான்கு முறை கனவில் இவருக்குச் செய்தி வருகிறது. முதலாமவரின் கனவில் எல்லாரும் அவரை வணங்கினர். இவருடைய கனவு எதிலும் இவருக்கு யாதோர் உயர்வும் சொல்லப்படவில்லை. மரியாவை ஏற்றுக்கொள், குழந்தையோடும் தாயோடும் எகிப்துக்கு ஓடு, திரும்பி வா, கலிலேயாவுக்குப் போ. ஒவ்வொரு கனவும் வேறோர் உயிரைக் காக்கும் பொறுப்பை இவர் தோளில் வைக்கிறது. ஒவ்வொரு முறையும் இவர் எழுகிறார், செய்கிறார். நான்கு நற்செய்திகளிலும் இவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. கனவு என்பது நான் என்ன ஆவேன் என்பதன்று, யாரைக் காப்பேன் என்பது. இதுவே இவரிடம் இளைஞர் கற்கும் முதற்பாடம்.

அடுத்தது மரியாவின் செய்தி. தமக்கு மண ஒப்பந்தமான பெண் கருவுற்றிருக்கிறாள் என அறிகிறார். கருவுக்குத் தாம் காரணர் அல்லர். அக்காலச் சட்டமும் ஊராரும் அவர் பக்கம். ஊரறிய அவளை இழிவுபடுத்தும் உரிமை அவர் கையில் இருந்தது. கனவு வருவதற்கு முன்னரே அவர் அதைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். மறைவாக விலகிவிடவே எண்ணினார். நற்செய்தி அவரை நேர்மையாளர் என்கிறது. சட்டம் தந்த உரிமையைக் கைவிட்டதையே அங்கு நேர்மை என்று கூறியிருக்கிறது. சாதியின் பெயராலும் குடும்ப மானத்தின் பெயராலும் சொந்த மகளையும் தங்கையையும் கொல்லத் துணிவோர் உள்ள நாட்டில், கிறித்தவக் குடும்பங்களும் சாதிப்பற்றுக்கு விலக்கல்லாத நாட்டில், இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் கொண்டு ஓராண்டு முழுவதும் இளைஞர் கூட்டங்கள் நடத்தலாம். மானம் என்பது ஒரு பெண்ணின் உயிரினும் பெரிதன்று என்று தம் செயலால் சொன்ன ஓர் ஆண்மகன் அவர்.

மூன்றாவது, எகிப்து. இருவரும் எகிப்துக்குச் சென்றவர்களே. ஒருவர் அங்கே ஆளுநரானார். மற்றவர் ஏரோதின் வாளுக்குத் தப்பி, இரவோடிரவாகக் கைக்குழந்தையுடன் ஓடிய ஏதிலி. 1983க்குப் பின் கடல் கடந்து தமிழகம் வந்த ஈழத்தமிழர் முகாம்களை நாம் அறிவோம். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அங்கு மூன்றாம் தலைமுறையும் பிறந்துவிட்டது. நாசரேத்துக் குடும்பத்தை வணங்கும் இளைஞர் தம் ஊருக்கு அருகிலுள்ள முகாமின் வாயிலை ஒருமுறையேனும் கடந்திருக்க வேண்டாமா?

நான்காவது, தொழிலும் கல்வியும். யோசேப்பு தச்சர், அவரிடம் வளர்ந்த இயேசுவையும் ஊரார் தச்சர் என்றே அழைத்தனர். எனவே மகன் தந்தையிடம் தொழில் பயின்றிருக்க வேண்டும். அதே மகன் பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் அறிஞர் நடுவே அமர்ந்து வினாக்கள் கேட்டுக்கொண்டிருந்ததை லூக்கா கூறுகிறார். தேடிவந்த பெற்றோருடன் பின்னர் நாசரேத்துக்குத் திரும்பினார். கைத்தொழிலும் கேள்வியறிவும் ஒன்றையொன்று விலக்காத வீடு அது. காஞ்சியில் அதே வயதுப் பிள்ளைகள் கடனுக்கு ஈடாகத் தறியருகே இருந்தார்கள். இன்று அதற்கு நேர்மாறான ஒரு துன்பம்: படித்த பிள்ளை தந்தையின் தறியைச் சொல்ல நாணுகிறது. கல்லூரிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நெசவு என்று எழுதத் தயங்கும் மாணவரைக் கண்டிருக்கிறேன். பாவையும் ஊடையையும் கணக்கிட்டு, உடலையும் கரையையும் வேறு நிறங்களில் நெய்து இணைக்கும் கையின் அறிவு எந்தப் பட்டத்துக்கும் தாழ்ந்ததன்று. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீட்டுப் பதிவு கிடைத்தது. அந்தப் பெருமை நெய்தவரின் பிள்ளைகள் மனத்தில் இன்னும் பதிவாகவில்லை.

தறியிலேயே இருங்கள் என்று நான் கூறவில்லை. கூலி போதாத தொழிலைப் புனிதமாக்கிப் பேசுவது மற்றொரு வஞ்சகம். திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிப் போவதில் இழுக்கில்லை. ஆனால் அதையும் அரண்மனை என்று எண்ண வேண்டாம். 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் நின்றுபோனபோது, அங்கே வேலை பார்த்தவர்கள் மறுபடியும் வாழ்வைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்நாளில் அவர்களுக்குத் துணை நிற்கக்கூடிய முன்மாதிரி ஊர்விட்டு ஊர் சென்று, சென்ற இடத்தில் உளியை எடுத்து, குடும்பத்தைக் காத்த தச்சரே.

இந்தத் தச்சரைத் தமிழ் இலக்கியம் புறக்கணிக்கவில்லை. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவர் இவர்தாம். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். யோசேப்பு என்ற பெயரின் பொருளறிந்து அவரை வளன் என்று தமிழில் அழைத்தார் முனிவர். நற்செய்தியில் ஒரு சொல்லும் பேசாத ஒருவரைக் காப்பியத் தலைவராக்கியது பெருந்துணிவு. மரபு கருதியோ என்னவோ, இறுதியில் வானுலகில் அவருக்கு முடிசூட்டியும் மகிழ்கிறார். நற்செய்தியிலோ முடி இல்லை. அவர் எப்போது இறந்தார் என்ற குறிப்பும் இல்லை. கோவிலில் மகனைத் தேடிக் கண்டடைந்த நிகழ்ச்சிக்குப் பின் அவரைக் காணோம். 1955இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் மே முதல் நாளைத் தொழிலாளரான யோசேப்பின் திருநாளாக ஏற்படுத்தினார். 2020 டிசம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் அவர் பெயரால் ஓராண்டை அறிவித்தார். விழாக்கள் வந்து போயின. தேம்பாவணியை முழுமையாகப் படித்த கிறித்தவ இளைஞர் எத்தனை பேர் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இளைஞர் கூட்டங்களை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் யோசேப்பைச் சொல்லுங்கள். 47ஆம் அதிகாரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் அழுததையும் மன்னித்ததையும் சொல்லுங்கள். அதன்பின் இரண்டாம் யோசேப்பை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அவரைப் பற்றிப் பேசும் நாளில் ஒரு நெசவாளரை அழைத்துத் தம் தொழிலைப் பற்றிச் சொல்லச் செய்யுங்கள். அவர் எந்தச் சமயத்தவராயினும் சரியே. நாசரேத்துத் தச்சரின் வாழ்வை விளக்க அவரைவிடத் தகுதியுடையவர் இவ்வூரில் கிடைப்பது அரிது.