தட்டம்மை: பூஜ்யம் காட்டும் மாவட்டங்களை முதலில் விசாரியுங்கள்

2022 அக்டோபர் கடைசியில் மும்பையின் கோவண்டி குடிசைப் பகுதியில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்தன. அதன் பிறகுதான் மாநகராட்சி ஊழியர்கள் தீவிரமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். காய்ச்சலும் சிவந்த தடிப்புமாகக் குழந்தைகள் பல வீடுகளில் ஏற்கெனவே படுத்திருந்தன. நவம்பர் இரண்டாம் வாரத்தில் மத்தியக் குழு வந்தது. தட்டம்மை பரவியிருப்பதைச் சாவு வந்துதான் காட்டிக்கொடுத்தது.

தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும் நோய் இது. நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் மிதந்திருக்கும். இப்படிப்பட்ட நோயில் ஒரு வாரத் தாமதம் என்பது ஒரு தெருவையே பறிகொடுப்பது.

மும்பையிலிருந்து கற்க வேண்டிய முக்கியமான பாடம் ஒன்று உண்டு. நம் அட்டவணைப்படி தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பது மாதம் நிறைந்த பிறகு, இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். அதுவரை குழந்தையைக் காப்பது தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி. அது ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே வற்றிவிடக்கூடும். நோய் கண்டு மீண்ட தாயைவிட, தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்ட தாய் தரும் சக்தி குறைவு. இன்றைய இளம் தாய்மார்களில் பலர் இரண்டாம் வகையினர். அதனால்தான் அந்த நவம்பரில் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் தந்தது: ஒரு பகுதியின் நோயாளிகளில் ஒன்பது மாதம் நிரம்பாதவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், ஆறு மாதக் குழந்தைக்கே ஒரு தவணை கூடுதலாகப் போடலாம். வழக்கமான இரண்டு தவணைகளும் பின்னர் உண்டு.

அந்த 10 சதவீதத்தை யார் கணக்கிடுவது? பதிவேட்டில் 'ஐந்து வயதுக்குட்பட்டோர்' என்று மட்டும் எழுதி வைத்தால் யாராலும் முடியாது. ஏழு மாதக் குழந்தையும் நான்கு வயதுச் சிறுவனும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடுவார்கள். கைக்குழந்தையின் வயதை மாதத்தில் எழுதுவது எழுத்தர் வேலை போலத் தோன்றலாம். ஊசியை எப்போது போடுவது என்ற முடிவே அதில்தான் இருக்கிறது.

2023க்குள் தட்டம்மையை ஒழிப்போம் என்ற இலக்கு தவறி, 2026 என்று தள்ளிப்போனது. கெடு நெருங்க நெருங்கக் கீழ்மட்ட அலுவலருக்கு 'நோயாளி இல்லை' என்று எழுதும் ஆசை வரும். மேலே இருப்பவருக்கும் அதை நம்பும் ஆசை வரும். ஆனால் ஒழிப்புக்கான அளவுகோல் வேறு விதமாகக் கேட்கிறது: ஆண்டுக்கு லட்சம் பேரில் குறைந்தது இரண்டு பேராவது காய்ச்சல்-தடிப்பு என்று சோதிக்கப்பட்டு, தட்டம்மையும் இல்லை, ரூபெல்லாவும் இல்லை என்று விலக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது, தேடிப் பார்த்ததற்கான சாட்சி வேண்டும். யாரையுமே சோதிக்காமல் பூஜ்யம் காட்டும் மாவட்டம் பாராட்டுக்குரியது அல்ல.

தமிழகத்தில் இந்தத் தேடலுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மணல்வாரி என்று ஊரில் சொல்லும் தட்டம்மை கண்டால் 'அம்மா இறங்கியிருக்கிறாள்' என்று வாசலில் வேப்பிலை செருகி, மருத்துவமனைப் பக்கமே போகாத வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்த நம்பிக்கையோடு சண்டை போட வேண்டியதில்லை. வேப்பிலை செருகிய வாசலைக் கண்டதும் கிராம சுகாதாரச் செவிலியர் உள்ளே போய் விசாரிக்கட்டும். ரத்த மாதிரி எடுக்க ஏற்பாடு செய்யட்டும். அடுத்தடுத்த இரண்டு நாள் வைட்டமின் ஏ கிடைக்கச் செய்யட்டும். வேப்பிலையும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும் என்று சொன்னால் எந்தப் பாட்டியும் கதவை அடைக்கமாட்டார்.

தனியார் கிளினிக்குகள்தான் பெரிய ஓட்டை. காய்ச்சல் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பப்படும் குழந்தை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தொற்றுநோயைத் தெரிவிக்க வைக்க 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் கையில் இருக்கிறது. அதைத் தூசி தட்ட வேண்டும். அதே சமயம், தகவல் தரும் மருத்துவருக்குப் படிவம் நிரப்பும் தண்டனை கூடாது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும் என்றால் அவர் அழைப்பார்.

எண்களை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது பெற்றோரை அச்சுறுத்தியது வாட்ஸ்அப் வதந்தி. அரசு வெளியிட்ட எந்த எண்ணும் அல்ல.

எனவே சுகாதாரத் துறை வாரந்தோறும் வட்டார வாரியாக, கைக்குழந்தைகளின் வயதை மாதக் கணக்கில் பிரித்து, சோதிக்கப்பட்டோர் எத்தனை, உறுதியானோர் எத்தனை, தடுப்பூசி பெறாதோர் எத்தனை என்று பொதுவில் வெளியிட வேண்டும். லட்சத்துக்கு இரண்டு என்ற அளவைத் தொடாத மாவட்டங்களின் பெயர்கள் அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே இருக்க வேண்டும். ஆட்சியர்களின் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் முதல் கேள்வி அவற்றிடமே கேட்கப்பட வேண்டும்.