‘மர்மக் காய்ச்சல்’ என்று இனி எழுத வேண்டாம்

வடகிழக்குப் பருவமழை நான்கு நாள் அடித்து ஓய்ந்து, வெயில் தலைகாட்டிப் பத்து நாள் கழித்துச் சென்னையின் எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் அதே காட்சிதான். தோளில் துவண்டு கிடக்கும் பிள்ளை, தாயின் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ‘பிளேட்லெட் எவ்வளவு இருக்கு சார்?’ என்ற கேள்வி. அந்த வாரமே செய்தித்தாள்களில் ஒரு சொல் வந்துவிடும்: மர்மக் காய்ச்சல்.

பல ஆண்டுகளாகத் தமிழ்ப் பத்திரிகைகள் இந்தச் சொல்லை அச்சிட்டு வருகின்றன. இனி அச்சிடக் கூடாது. காய்ச்சலில் மர்மம் ஏதுமில்லை. அது எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனது, எந்தத் தெருவில் முதலில் தெரிந்தது என்ற விவரங்கள் பெரும்பாலும் அரசிடமே இருக்கின்றன. அவை தெருவில் வாழ்பவர்களுக்குத் திரும்பி வருவதில்லை. நகரத்து நோய்க் கணக்கை வார்டு வாரியாக, வாரந்தோறும், யாரும் படிக்கும் வகையில் மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் வெளியிட வேண்டும். தமிழக அரசு இதைச் செய்ய முடியும், செய்தே ஆக வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

‘மர்மம்’ எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். தனியார் ஆய்வகத்தில் அரை மணி நேரத்தில் முடிவு தரும் அட்டைப் பரிசோதனை, பிள்ளைக்கு டெங்கு என்று சொல்கிறது. அரசின் கணக்கில் அது ஏறாது. எலைசா என்னும் ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானால்தான் டெங்கு. அட்டைப் பரிசோதனை தவறுவதுண்டு என்பதால் இந்த விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நோயின் முதல் ஐந்து நாட்களில் கிருமியின் புரதத்தையும், அதன் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் தேட வேண்டும். நாள் தவறி எடுத்த ரத்தம் ஒன்றும் சொல்லாது. குடும்பம் டெங்கு என்கிறது, பட்டியல் இல்லை என்கிறது. நடுவில் விழும் அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் பெயர்தான் மர்மக் காய்ச்சல். ‘உறுதியானவை’, ‘சந்தேகத்துக்குரியவை’ என்று இரண்டு பத்திகள் போட்டு வெளியிட்டிருந்தால் இந்தச் சொல்லே தேவைப்பட்டிருக்காது.

மாநிலத்துக்கு ஓர் எண் கிடைக்கிறதே என்று கேட்கலாம். மாநில எண்ணை வைத்துக்கொண்டு தாய் என்ன செய்வாள்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறக்காது. பிறந்த வீட்டைச் சுற்றியே, பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்குள், அதன் வாழ்நாள் முடிந்துவிடும். அப்படியானால் கிருமியை ஊர் முழுக்கச் சுமந்து போவது யார்? பெரு நாட்டின் அமேசான் கரையிலுள்ள இக்கிட்டோஸ் நகரில் ஆய்வாளர்கள் இதைத் தேடினார்கள். காய்ச்சலுக்கு முந்தைய நாட்களில் நோயாளி போய்வந்த வீடுகளையெல்லாம் கேட்டறிந்து, அங்கிருந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2013-இல் வெளியான அந்த முடிவு தெளிவானது. பக்கத்து வீடு என்பதைக் காட்டிலும், போய்வரும் வீடு என்பதே முக்கியம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சித்தி வீடு, டியூஷன் வீடு, பகலில் பிள்ளையை விட்டுப்போகும் பாட்டி வீடு. ஏடிஸ் பகலில் கடிப்பது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நோயாளி இரவில் படுத்துறங்கும் தெருவில் மட்டும் மாலையில் புகை மருந்து அடித்துவிட்டுப் போவது எவ்வளவு குறைவான வேலை என்பது புரியும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். டெங்குவின் வேர் அங்கேதான் இருக்கிறது. வியட்நாமில் எழுபத்தைந்தாயிரம் வீடுகளை வரைபடத்தில் குறித்து நடத்திய ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. மிக நெருக்கமான நகர மையத்தைவிட, சதுர கிலோமீட்டருக்கு 3,000 முதல் 7,000 பேர் வாழும் இடங்களில், அதுவும் குழாய்த் தண்ணீர் இல்லாத இடங்களில், டெங்கு பெருகுவதை அது காட்டியது. குழாய் வராத வீடு தண்ணீரைச் சேமிக்கிறது. சேமித்த தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது. லாரித் தண்ணீரை நம்பி வாழும் சென்னையின் புறநகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது வீட்டுக்கு வீடு நீல டிரம் வாங்கியவர்கள் அவர்கள். டிரம்மை மூடவில்லை என்று அந்த வீட்டுக்கு அபராதம் போடுகிறோம். குழாயில் தண்ணீர் விடாதவர்களுக்கு அபராதம் போடுவதில்லை. தண்ணீர் வரும் நாட்களின் அட்டவணையையும் காய்ச்சல் கணக்கையும் வார்டு வாரியாக அருகருகே வைத்துப் பார்த்தால், யார் மீது கேள்வி எழும் என்று தெரிந்துவிடும். அந்தக் கேள்வி எழ வேண்டும்.

இதற்கான அறிவும் ஆட்களும் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நகரத்தில் தொற்று எப்படிப் பரவுகிறது என்று உலகுக்குக் கற்றுக்கொடுத்த ஊர் இது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு மாத்திரை விழுங்கினார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். அதைவிடப் பெரிய செய்தி குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் கிடைத்தது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டதால் மனைவி மக்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. அவர்களுக்குத் தொற்ற வேண்டியது, நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பெரும்பாலும் தொற்றியிருந்தது. இந்த முடிவுக்குப் பின் சானடோரியங்கள் உலகெங்கும் மூடப்பட்டன. அந்தக் குறுகிய சந்துகளில் ஏறி இறங்கிய சுகாதாரப் பணியாளர்களின் கால்கள் இல்லாமல் அந்த ஆய்வு இல்லை.

2020-இல் அதே உழைப்பு மறுபடி நடந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 கோவிட் நோயாளிகளோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேரைச் சோதித்த கணக்கை ரமணன் லட்சுமிநாராயணனும் மற்றவர்களும் ஆராய்ந்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பத்தில் ஏழு நோயாளிகளிடமிருந்து, தேடிப் பிடித்த தொடர்புகளில் ஒருவருக்குக்கூடப் பரவவில்லை. மிகச் சிலரிடமிருந்தே பெருவாரியாகப் பரவியது. கோயம்பேடு சந்தையிலிருந்து கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று மே மாதத்தில் தொற்று ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். அன்றைக்கு மாநகராட்சி மண்டலம் மண்டலமாகத் தினமும் எண்ணிக்கை வெளியிட்டது. ராயபுரத்தில் எத்தனை, தண்டையார்பேட்டையில் எத்தனை என்று டீக்கடையில் பேசினோம். வானம் இடிந்து விழவில்லை. டெங்குவுக்கும் மலேரியாவுக்கும் வாந்திபேதிக்கும் அதே கதவு ஏன் மூடிக்கிடக்கிறது?

லண்டனில் 1854-இல் பிராட் தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த மருத்துவர் ஜான் ஸ்னோவின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தக் கதையில் விடுபட்டுப்போகும் ஒரு பகுதி நமக்கு முக்கியம். குழாய்த் தண்ணீரைச் சோதித்தும் முடிவுக்கு வர முடியாத ஸ்னோ அடுத்துப் போனது பதிவாளர் அலுவலகத்துக்கு. அந்த வாரத்தின் காலரா சாவுப் பட்டியலை வாங்கிக்கொண்டுதான், அதன் கடைசி மூன்று நாட்களில் இறந்த 83 பேரைப் பற்றி அவர் வீடு வீடாக விசாரித்தார். அங்கே புள்ளிவிவரத்துக்குப் பொறுப்பாக இருந்த வில்லியம் ஃபார், காலரா கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பியவர். ஸ்னோவின் தண்ணீர்க் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் அவருடைய அலுவலகம் வாரந்தோறும் சாவுக் கணக்கை வெளியிட்டது, கேட்டவருக்குக் கொடுத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது, தண்ணீர் நிறுவனத்தின் மீது விரல் நீட்டியவர் அதே ஃபார். தனக்கு உடன்பாடில்லாதவருக்கும் ஏட்டைத் திறந்து காட்டியதால் உண்மை வெளிவந்தது. ஏட்டை வைத்திருந்தவரின் கருத்தும் திருந்தியது.

வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்பது வழக்கமான மறுமொழி. 1994-இல் சூரத்தில் பிளேக் வந்தபோது மக்கள் அடைந்த பீதிக்கு எண்கள் காரணமில்லை. குடிநீரில் விஷம் கலந்துவிட்டது என்ற வதந்தி முதலில் ஓடியது. பின்னால் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1986-இல், சென்னையில் நுண்ணுயிரியலாளர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முறையாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் ஹண்டே அதைச் சட்டப்பேரவையிலேயே அறிவித்தார். நம்பாதவர்கள் உண்டு, கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் வெளிப்படையாகச் சொன்ன மாநிலம்தான் எய்ட்ஸ் கட்டுப்பாட்டில் நாட்டுக்கு முன்னோடியானது.

இன்னோர் ஆட்சேபம் கனமானது; அதைத் தள்ளிவிட முடியாது. குடிசைப் பகுதியின் பெயர் பட்டியலில் வந்தால் அங்கிருந்து வரும் வேலைக்காரப் பெண்ணை வீட்டுக்குள் விடமாட்டார்கள். கோவிட் காலத்தில் வாசலில் தகரம் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, குடும்பங்களை ஊர் பார்க்க வைத்த கொடுமையை நாம் மறக்கவில்லை. அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம். எண்ணிக்கை மிகக் குறைவான இடத்தில் ‘ஐந்துக்குக் கீழ்’ என்று மட்டும் போடலாம். கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்துசேரும் கழிவுநீரைத் தொடர்ந்து சோதித்து அந்த முடிவையும் வெளியிடலாம். மும்பையில் போலியோவை அப்படித்தான் 2001 முதல் தேடினார்கள். சாக்கடை யாருடைய சாதியையும் முகவரியையும் சொல்லாது. அதில் பங்களாவும் குடிசையும் கலந்தே வருகின்றன.

நாட்டிலேயே முதலாவதாக 1939-இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. தொற்றுநோயைக் கண்டால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மருத்துவரை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கட்டாயம் ஒரு திசையில் மட்டுமே போகிறது. மக்களிடமிருந்து அரசுக்குத் தகவல் போக வேண்டும். அரசிடமிருந்து மக்களுக்கு வர வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். 200 வார்டுகளின் வாராந்தரக் கணக்கு மாநகராட்சி இணையதளத்திலும், இணையம் பார்க்காதவர்களுக்காக வார்டு அலுவலகச் சுவரிலும், ரேஷன் கடை வாசலிலும் தமிழில் இருக்க வேண்டும். தனியார் ஆய்வகங்களின் அட்டைப் பரிசோதனை முடிவுகளும் ‘சந்தேகத்துக்குரியவை’ பத்தியில் சேர வேண்டும். பெயர் நீக்கிய பழைய கணக்குகள் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கிடைக்க வேண்டும். இக்கிட்டோஸில் செய்ததை வியாசர்பாடியில் செய்ய நம் மாணவர்களுக்கு என்ன குறை?

இப்போதும் தெருத்தெருவாக ஒரு பெண் வருகிறார். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர். டிபிசி என்றால்தான் தெருவுக்குத் தெரியும். தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறார், அபேட் மருந்து ஊற்றுகிறார், எத்தனை பாத்திரத்தில் புழு இருந்தது, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். அந்த நோட்டு வட்டார அலுவலகம் போகிறது, அங்கிருந்து மேலே போகிறது. அவர் பார்த்த தெருவுக்கு, அவர் வாழும் தெருவுக்குக்கூட, அது திரும்புவதில்லை. அக்டோபரில் மழை தொடங்குவதற்கு முன், இந்த ஆண்டின் முதல் வாரப் பட்டியலாக அந்த நோட்டில் உள்ளதை அரசு வெளியிடட்டும்.