நூல் பந்தும் அஞ்சாங்கல் பாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறை வந்தாலே கிரிக்கெட் பயிற்சி முகாம் விளம்பரங்கள்தான். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது எங்கள் பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவில் நெசவுப் பாவு விரித்திருக்கும்வரை பிள்ளைகள் தலைகாட்ட முடியாது. பாவைச் சுருட்டியதும் தெரு எங்களுடையது. தறியடியில் சேரும் கழிவு நூலைத் துணிச் சுருளின்மேல் இறுக்கிச் சுற்றினால் பந்து தயார். முதுகில் பட்டால் வலிக்கும். மழையில் நனைந்திருந்தால் உயிரே போகும். பெண்பிள்ளைகள் திண்ணையில் அஞ்சாங்கல் ஆடுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாட்டு, அதிலும் வீட்டுக்கு வீடு வரி மாறும்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே, கடற்கரைப் பட்டினத்துப் பெண்கள் மாடத்தில் நூல் வரிந்த பந்தாடிக் களைத்து, மணலில் நம் அஞ்சாங்கல் போலக் கழங்காடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் பந்தாட்டத்துக்கென்றே கந்துகவரி என்ற பாட்டுப் பகுதி இருக்கிறது. இதையெல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குக் கல்லைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கத் தெரியவில்லை!

தெருவைத் திரும்பக் கேட்கவில்லை. இருசக்கர வண்டிகள் விடாது. பள்ளி ஆண்டு மலர்களில் நாலு பக்கமாவது ஒதுக்கி, பிள்ளைகள் பாட்டிகளிடம் கேட்டு எழுதிவரும் விளையாட்டுப் பாட்டுகளை அச்சிடட்டும். அந்தப் பாட்டுகள் தெரிந்தவர்கள் பலரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் சிறுவர் பக்கத்திலும் வாரம் ஒரு பாட்டு வெளியிடலாமே.

— வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்