சாட்சி சொல்ல ஒரு மலைக்கிராமமா?

டிசம்பர் விடுமுறை வந்தால் ஏற்காட்டுத் தியான இல்லங்கள் நிரம்பிவிடும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவரும் இளைஞர் முகாம்களில் ஏறத்தாழ ஒரே உபதேசம்தான்: வாழ்க்கையின் நோக்கம் தெரியவில்லையா, தன்னம்பிக்கை இல்லையா, பிறருக்கு ஊழியம் செய், இரண்டும் கிடைக்கும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. நானும் தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன்தான். ஊழியத்தை இந்த அளவுக்குக் கெடுத்த போதனை வேறில்லை என்பேன்.

முகாமின் இரண்டாம் நாளைப் பாருங்கள். வேனில் பிஸ்கட்டும் நோட்டுப் புத்தகமும் ஏறும். சேர்வராயன் மலையில் ஏதோவொரு மலையாளிகள் ஊரில் வண்டி நிற்கும். (கேரளத்தாரைச் சொல்லவில்லை, இந்த மலைகளின் பழங்குடிகளைச் சொல்கிறேன்.) காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. பறித்த எடைக்குத்தான் கூலி. எஸ்டேட்டுக்குப் போகாமல் நின்றுவிட்ட அம்மாக்கள் பிள்ளைகளுக்குத் தலைசீவிக் கூட்டிவருவார்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், விநியோகம், போட்டோ. வெயில் ஏறும் முன் வேன் திரும்பிவிடும். இரவில் தீமூட்டிச் சுற்றி உட்கார்ந்து சாட்சி சொல்வார்கள்: கொடுக்கப் போனோம், பெற்றுக்கொண்டு வந்தோம் என்று. உண்மைதான், பெற்றுக்கொண்டுதான் வந்தார்கள். அந்த அம்மாக்களுக்குப் போனது ஒரு நாள் கூலி. நடுராத்திரியில் பிரசவ வலி எடுத்தால் அந்த ஊரில் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எந்தச் சாட்சியிலும் வராது. யாரும் கேட்டிருந்தால்தானே வரும்?

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, போதனையைத்தான் சொல்கிறேன். என் மனத்தேற்றத்துக்காகப் போனால், மனம் தேறியதும் வேலை முடிந்தது. மறுபடி அந்த ஊருக்கு எதற்கு?

இதற்கு மாறாக வாழ்ந்தவர்களும் உண்டு, இதே பழைய சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலையில். மிஷனரி ஜெசி பிராண்டும் மனைவி ஈவ்லினும் அங்கே வைத்தியமும் பள்ளியும் விவசாயமுமாக உழைத்தார்கள். 1929-ல் ஜெசி காய்ச்சலில் இறந்துபோனார். ஈவ்லினுக்கு வயதானபோது மிஷன் ஓய்வுபெறச் சொன்னது. அவர் ஓய்வை வாங்கிக்கொண்டு, மிஷனின் உதவி இல்லாமலேயே மலையேறிவிட்டார். குதிரை மேலும், எலும்பு முறிந்த பிறகு கழிகளை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். 1974-ல் இறக்கும்போது வயது 95. கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். ஊழியத்தால் தன் முகம் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

அந்த மகன் 1914-ல் பிறந்து, சிறுவயதைக் கொல்லிமலையில் கழித்தவர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். உலகமே பாராட்டிய வேலை. ஆனால் குணமான சிலர் திரும்பிவந்து புகார் சொன்னார்கள்: இந்தக் கையை வைத்துக்கொண்டு பிச்சைகூட எடுக்க முடியவில்லை, வேலையும் யாரும் தரமாட்டேன் என்கிறார்கள். அவர் சாட்சி தேடிப் போயிருந்தால் அங்கேயே மனம் நொந்து நின்றிருப்பார். புகாரைக் காதில் வாங்கியதால்தான் அவர்களுக்குத் தொழில் கற்றுத்தர ஓர் இடம் உருவானது.

ஊழியம் செய்தால் நிச்சயம் கிடைக்கும் என்கிறார்களே, அன்னை தெரசாவுக்கு என்ன கிடைத்தது? 2007-ல் வெளியான அவருடைய அந்தரங்கக் கடிதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டு, கடவுள் இருப்பதையே உணர முடியாத வறட்சி. அதற்காகக் காலையில் எழுந்து போகாமல் இருந்தாரா? லூக்கா 17-ல் வயலில் உழுதுவிட்டு வரும் வேலைக்காரனுக்கு எஜமான் நன்றிகூடச் சொல்வதில்லை. எந்த முகாமிலும் அந்தப் பகுதியை வைத்து நான் பிரசங்கம் கேட்டதில்லை.

ஒரு நாள் அனுபவம் ஒரு விதையாகலாமே என்பார்கள். ஆகலாம். ஐடா ஸ்கடருக்குத் திண்டிவனத்தில் ஒரே இரவு போதுமானதாக இருந்தது. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று வீட்டார் தடுத்ததால் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். வைத்தியம் தெரியாத இளம்பெண்ணான அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்த இரவு அவருக்குத் தந்தது தன்னம்பிக்கையா? தன் கையில் ஒன்றுமில்லை என்ற உண்மையைத்தான் தந்தது. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு அதே சி.எம்.சி.யைத் தொடங்கினார்.

முகாம் நடத்துகிற ஐயாமார்கள் அடுத்த முறை பதிவுப் படிவத்தில் ஒரு வரி சேர்த்துப் பார்க்கட்டும்: இரண்டு வருஷத்துக்கு, மாதம் ஒரு தடவை, அதே ஊருக்குத்தான் போகவேண்டும்; சாட்சிக் கூட்டம் கிடையாது. எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.