போட்டுவிட்டுத் தூங்குங்கள் என்றார்கள்

பதினான்கு பவுண்டு பிரிஸ்கெட்டைக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டிருக்கிறீர்களா? நான் போட்டிருக்கிறேன். ஜூலை 4, விடியற்காலை 6 மணி. மதியம் இருபத்திரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள். முந்தின நாள் முழுக்கக் கொழுப்பு சீவி, உப்பும் மிளகும் தடவி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி கிரில்லில் கிடத்திய இறைச்சி அது. தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. சூடாக இல்லை, குளிர்ந்தும் இல்லை. கிருமிக்கு அதைவிடச் சொகுசான படுக்கை கிடையாது.

கிரில் விளம்பரத்தில் ஒரு மனிதன் வருவான். இறைச்சியை வைப்பான், குமிழைத் திருகுவான், மூடியைச் சாத்துவான், போய்ப் படுத்துத் தூங்குவான். காலையில் எழுந்து கொட்டாவி விட்டபடி மூடியைத் திறந்தால் கருகருவென்று தோல் இறுகிய பிரிஸ்கெட் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கும். அந்த மனிதனை யாராவது எனக்குக் காட்டுங்கள். அவன் எந்த கிரில்லில் சமைத்தான் என்று கேட்க வேண்டும். நான் 397 டாலர் கொடுத்து வாங்கியதில் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

நான் இருப்பது டெக்சஸில், ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லண்டில். மீனாட்சி கோயிலுக்குப் பத்து நிமிடத் தொலைவில் குடியிருந்துகொண்டு மாட்டு நெஞ்சுக்கறி புகைக்கிறானே என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பிரிஸ்கெட் என்பது பிரியாணி மாதிரி. அதைச் சமைக்கத் தெரிந்தவனை அக்கம்பக்கத்தார் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆனால் முறையாகச் செய்வதென்றால் ஓக் விறகு, இரும்புப் பீப்பாய், முக்கால் மணிக்கொரு விறகு, பன்னிரண்டு பதினான்கு மணி நேரம் கண்விழிப்பு. வேலைக்குப் போகிறவனுக்கு, இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறவனுக்கு அது முடியாது. அந்த முடியாமையைத்தான் பெல்லட் கிரில் விலைக்கு வாங்குகிறது. மரத்தூளை அழுத்திச் செய்த சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குச்சிகள், அவற்றைத் தானாகவே நெருப்பில் தள்ளும் ஒரு மோட்டார், வெப்பத்தைக் கவனித்துக்கொள்ள ஒரு மின்னணுப் பலகை. விறகு போடும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், நீ தூங்கு. இந்த ஆசையில் என்ன தப்பு சொல்லுங்கள்?

1980களின் நடுவில் ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சலில் ஜோ ட்ரேகர் இதை உருவாக்கியபோது, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்பின் நுட்பத்தைத்தான் சமையலுக்குத் திருப்பினார். காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்யத் தொடங்கினார்கள். விலை இறங்கியது. இன்று நல்லது என்று பேர் வாங்கியவற்றில் பல ஆயிரம் டாலருக்கு மேல் நிற்கின்றன. என்னைப் போன்றவனுக்கென்று நானூறுக்குள் ஒரு வரிசை கடை வாசலில் பளபளக்கிறது. சக்கரம் பெரிசு, மூடி கனமாகத் தெரிகிறது, பக்கவாட்டில் மடக்குப் பலகை வேறு. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்த்து மாடு வாங்கினேன்.

ஊரிலிருந்து வந்த மாமனார், வந்த முதல் நாளே அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தேனிப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர், மோட்டாரும் தெரியும், அடுப்பும் தெரியும்.

“மாப்ள, இது கரண்டுல எரியிற அடுப்பா, விறகுல எரியிற அடுப்பா?”

“ரெண்டும்தான் மாமா.”

“அப்ப ரெண்டுல எது போனாலும் அணைஞ்சிருமே.”

சிரித்தேன். கடல் கடந்து வந்தவன் இல்லையா, சிரித்தேன்.

முதலில் போனது கரண்டு. பெல்லட்டைப் பற்றவைக்க நெருப்புக் கிண்ணத்துக்குள் ஒரு இக்னைட்டர் குச்சி இருக்கிறது, பழுக்கக் காய்ந்து நெருப்பு மூட்டிவிட்டு அணைந்துகொள்ளும். ஆறாவது மாதம் அதில் மின்கசிவு. அமெரிக்க வீடுகளில் வெளிப்புற பிளக்குகள் கசிவைக் கண்டதும் பட்டென்று இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். நல்லதுதான், உயிர் காக்கும். ஆனால் என் வீட்டில் கராஜ் ஃப்ரீசரும் அதே இணைப்பில் இருந்தது எனக்குத் தெரியாது. கிரில் எரியவில்லையே என்று அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து மனைவி கராஜ் கதவைத் திறந்தபோது வஞ்சிர மீனின் வாடை தெருவரை வந்தது. “கிரில் வாங்கினா மீனும் போகும்னு அட்டைப்பெட்டியில போட்டிருந்தாங்களாங்க?” என்று கேட்டாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உத்தரவாதம் இருக்கிறதே என்று போன் செய்தேன். பில்லைக் காட்டு என்றார்கள், காட்டினேன். வாங்கி முப்பது நாளுக்குள் பதிவு செய்தாயா, செய்தேன். சீரியல் எண் ஒட்டிய ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பு. அந்த ஸ்டிக்கரை அவர்கள் ஒட்டியிருந்தது நெருப்புக் கிண்ணத்துக்கு நேர் பின்னால்! வெந்து பழுப்பாகிப் பாதி எண் மறைந்திருந்தது. நெருப்பு வைக்கும் பொருளில் நெருப்பு படும் இடத்தில் தன் எண்ணை எழுதி வைப்பவனை என்னவென்று சொல்வது? கடைசியில் குச்சி இலவசம், அனுப்பும் கூலி மட்டும் நீங்கள் கொடுங்கள் என்றார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூன்று வாரம் காத்திருந்து நானே கிரில்லைக் கவிழ்த்துப் போட்டு மாட்டினேன்.

வர்ணம் உரிந்தது, அடியில் துரு வந்தது, சக்கரம் ஒன்று கழன்றது. அதையெல்லாம் நான் எண்ணவே இல்லை.

ஜூலை 3 இரவு பத்து மணிக்கு 225 டிகிரியில் வைத்தேன். ஃபாரன்ஹீட். ஒரு மணி வரை நானும் மாமாவும் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். புகை மெல்லிசாக, நீலமாகப் போனது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் படுக்கப் போனோம்.

அதன்பிறகு நடந்ததை மறுநாள் கிண்ணத்தைப் பார்த்துப் பார்த்து நானே கோத்துக்கொண்டேன். குறைந்த சூட்டில் ஆகர் திருகாணி இடைவெளி விட்டு விட்டுத்தான் பெல்லட் தள்ளும். கிண்ணத்தில் சாம்பல் சேர்ந்திருந்தது. ஹூஸ்டன் காற்றில் எப்போதும் ஈரம், பெல்லட்டும் கொஞ்சம் உறிஞ்சியிருக்கும். ஏதோ ஒரு இடைவெளியில் நெருப்பு செத்தது. வெப்பம் இறங்குவதைப் பலகை பார்த்தது. அது என்ன செய்திருக்க வேண்டும்? இக்னைட்டரை மறுபடி மூட்டிப் பார்த்திருக்க வேண்டும். முடியாவிட்டால் கத்தியிருக்க வேண்டும். விலை கூடியவற்றில் சில அதைச் செய்கின்றன, கைபேசிக்குச் செய்தியும் அனுப்புகின்றன. என்னுடைய பலகைக்குத் தெரிந்தது ஒரே பாடம்: சூடு குறைந்தால் பெல்லட்டைத் தள்ளு. செத்த நெருப்பின் மேல் தள்ளியது, தள்ளியது, கிண்ணம் வழியத் தள்ளியது. பிறகு திரையில் மூன்று எழுத்தைக் காட்டிவிட்டு மௌனமாகிவிட்டது. மணி இல்லை, ஒலி இல்லை. இருட்டில், பூட்டிய கதவுக்கு வெளியே, யாருக்காக அந்த மூன்று எழுத்து?

40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும் நடுவில் இறைச்சி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது என்பது அமெரிக்க விவசாயத் துறை திரும்பத் திரும்பச் சொல்லும் விதி. நான் எழுந்து பார்த்தபோது உள்ளே 104. நெருப்பு எப்போது அணைந்தது என்றே தெரியாது. வருகிறவர்களில் கைக்குழந்தைகள் இருந்தார்கள், ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி. முகர்ந்து பார்த்து நன்றாகத்தானே இருக்கிறது என்று மறுபடி சூடாக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. குப்பைப் பை.

இதோடு போயிருந்தால் நான் இந்த அளவுக்கு எரிய மாட்டேன்.

சரி, கோழியாவது வைப்போம் என்று 6:20க்குப் பொத்தானை அமுக்கினேன். தட்டுகளைத் தூக்கிக் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. புகை வந்தது. நீலப் புகை இல்லை, மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை, கெட்டியாக, மூடியின் எல்லா இடுக்கிலும். மாமா காபி டம்ளரோடு அருகில் வந்து குனிந்தார். “மாப்ள, புகை சரியில்லையே...” அவர் முடிக்கவில்லை. டமார் என்று மூடி எகிறித் திறந்தது. குவிந்து கிடந்த பெல்லட் கனன்று கக்கிய வாயு மொத்தமாகப் பற்றிக்கொண்டிருக்கிறது. மாமாவின் இடது புருவம் பொசுங்கியது. காபி சட்டையில். அறுபத்தெட்டு வயது மனிதர், மகள் வீட்டுக்கு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். ஒரு சாண் முன்னால் நின்றிருந்தால்? இன்றைக்கும் இரவில் அந்த ஒரு சாணை அளந்துகொண்டு படுத்திருக்கிறேன்.

கம்பெனிக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கையேட்டில் ஒரு பக்க எண்ணைச் சொன்னார். நெருப்பு அணைந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டே மறுபடி மூட்ட வேண்டும் என்று அங்கே இருக்கிறதாம். இருந்தது. சின்ன எழுத்தில், உணவுச் செய்முறைகளுக்கு முன்னால். ஐயா, நீங்கள் விற்றது தூக்கத்தை! “போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்” என்பதை அட்டைப்பெட்டியில் கையகலத்துக்கு எழுதினீர்கள், “மூடி வெடிக்கும்” என்பதை எறும்பு அளவுக்கு எழுதினீர்கள். கிண்ணத்தைத் தானே நிரப்பியது உங்கள் இயந்திரம், குற்றம் குனிந்து பார்க்காத என்னுடையதா?

“பெல்லட்டை உலர்ந்த இடத்தில் வைத்தீர்களா?” “எங்கள் உறை போட்டு மூடினீர்களா?” உறை தனியாக 50 டாலர். “ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சாம்பலை உறிஞ்சி எடுத்தீர்களா?” இப்படியே போனது. பொருள் விற்கும்போது நான் வாடிக்கையாளன், பழுதான பிறகு நான் குற்றவாளி.

என் நண்பர் ஒருவர் இதே மாடலை நாலு வருடமாக வைத்திருக்கிறார், ஒரு குறையும் இல்லை. “உங்க கை ராசி சரியில்ல” என்று சிரிக்கிறார். அவரைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எல்லாமே கெட்டுப்போனால் ஒருவரும் வாங்க மாட்டார்கள், கம்பெனி மூடிவிடும். சிலருக்கு நன்றாக ஓடுவதால்தான் ஓடாதவன் வாயைத் திறக்க முடியவில்லை. சீட்டுக் குலுக்கல் இது. ஆனால் சீட்டில் தோற்றவனிடம் யாரும் நீ சரியாகக் குலுக்கவில்லை என்று சொல்வதில்லை.

சட்டம் இருக்கிறது, தெரியும். 1975லேயே உத்தரவாதச் சட்டம் போட்டார்கள். முழு உத்தரவாதமா, வரையறுத்த உத்தரவாதமா என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டும். 15 டாலருக்கு மேற்பட்ட பொருளென்றால் வாங்குவதற்கு முன்பே பத்திரத்தைப் படிக்க வழி செய்ய வேண்டும். “வரையறுத்த” என்ற சொல்லை நான் கடையில் படித்தேன், கடந்து போனேன். துரு வராது, வர்ணம் வராது, கூலி வராது, இறைச்சி வராது, புருவம் வராது என்றெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். 397 டாலருக்கு எத்தனை நாள் விடுப்பு எடுப்பது? அந்தக் கணக்கு எனக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மட்டும் வெடித்த விவரத்தைப் படத்தோடு எழுதிப் போட்டேன். இந்த மாதிரி மூடி எகிறிய வேறு யாரும் இருந்தால் நீங்களும் எழுதுங்கள், ஒன்றாக எண்ணினால்தான் அங்கே கணக்காகும்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் தீர்ப்பு: நானூறு டாலர் பெல்லட் கிரில்லை நம்பி இரவு முழுக்கத் தூங்க முடியாது. பகலில் பக்கத்தில் உட்கார்ந்து கோழி சுடுவதற்கு ஓடும், அது ஓடும் வரை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு நான் ஏன் மோட்டாருக்கும் பலகைக்கும் காசு கொடுக்க வேண்டும்? ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, ஒவ்வொரு முறையும் பற்றவைக்கும் முன் தட்டைத் தூக்கிக் கிண்ணத்தைப் பாருங்கள். மூடியைத் திறந்து வைத்தே மூட்டுங்கள். தனியாக 30 டாலருக்கு அலாரம் அடிக்கும் வெப்பமானி வாங்கி, தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். பெரியவர்களையும் பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள்.

நான் ஒரு பழைய கரி அடுப்பை 60 டாலருக்கு வாங்கியிருக்கிறேன். உருண்டை வடிவம், ஒயர் கிடையாது, திரை கிடையாது. மாமா ஊருக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அதில் ஆட்டுத்தொடை சுட்டோம். ஆறு மணி நேரமும் அவர்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். புருவம் பாதி முளைத்திருந்தது.