ஐந்து பிளேடும் ஒரு முகமும்

கல்லூரி வட்டாரத்தில் ‘பிளேடு’ என்றால் வேறு பொருள் உண்டு. மேடையேறி ஒரு மணி நேரம் ஓயாமல் பேசிக் கேட்பவர்களை அறுத்துத் தள்ளுபவருக்கு மாணவ உலகம் அளித்த பட்டம் அது. நான் எழுத வந்தது அந்தப் பிளேடைப் பற்றி அன்று. காலையில் கண்ணாடி முன் நின்று கன்னத்தில் வைக்கிறோமே, அந்தப் பிளேடைப் பற்றி. படித்து முடித்ததும் இரண்டும் ஒன்றுதான் என்று நண்பர்கள் தீர்ப்பளித்தால் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். மாணவியர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டில் மீசை அரும்பும் தம்பி இருப்பான்.

நம் வகுப்புகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சட்டைக் காலருக்கு மேலே, கழுத்தின் இரு பக்கமும், சிறு சிறு புடைப்புகளும் கறுத்த புள்ளிகளுமாக இருக்கும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் சிலர் உண்டு. சவரம் செய்த அன்று எரிச்சல், மறுநாள் புடைப்பு, அடுத்த நாள் அதன் தலையில் ஒரு சீழ்ப்புள்ளி. அணிவகுப்போ நேர்முகத் தேர்வோ வந்துவிட்டால் “மழமழவென்று வழித்துக்கொண்டு வா” என்பது உத்தரவு. புடைப்பின் மேலேயே கத்தி ஓடுகிறது, இரத்தம் கசிகிறது. அப்படி வந்து நிற்பவனைப் பார்த்து, “ஏம்ப்பா, முகத்தைக் கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கக் கூடாதா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சுத்தக்குறைவால் வந்ததன்று அது. அளவுக்கு மீறி வழித்ததால் வந்தது.

இத்தகைய தோல் உடையவர்கள், விளம்பரத்தில் மின்னும் மூன்று பிளேடு, ஐந்து பிளேடு ரேசர்களை விட்டுவிட்டு, ஒரே ஒரு பிளேடு பூட்டும் பழைய மாதிரிச் சேப்டி ரேசரை வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் தோலுக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம். இந்தப் புடைப்புக்கு மருத்துவத்தில் ‘சூடோ ஃபாலிகுலைட்டிஸ் பார்பே’ என்று பெயர். தாடிப் பகுதியில் வரும் பொய்யான மயிர்க்கால் அழற்சி எனப் பொருள் சொல்லலாம். ‘பொய்’ என்பது ஏனென்றால், மூலகாரணம் கிருமி அன்று. நம் சொந்த முடியேதான். 1956-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் இதைத் தெளிவாக விவரித்து எழுதினார்கள். சுருட்டை முடியைச் சாய்வாக வெட்டினால் நுனி ஈட்டிபோலக் கூர்மையாகிறது. வளரும்போது அது வளைந்து வந்து பக்கத்துத் தோலில் குத்திக்கொள்கிறது. தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டப்பட்ட முடியோ வெளியே வரவே செய்யாமல், உள்ளேயே மயிர்க்காலின் சுவரைத் துளைத்துவிடுகிறது. உடம்பு அதை முள் ஏறியதாகவே எண்ணிப் போராடுகிறது. நம் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் அந்தப் போராட்டம் முடிந்த பிறகும் கறை மாதக்கணக்கில் நிற்கும்.

இனிப் பல பிளேடு ரேசர் வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். முதல் பிளேடு முடியை வெட்டும்போதே சற்று இழுத்து உயர்த்துகிறது. அது திரும்பி உள்ளே இறங்குவதற்குள் அடுத்த பிளேடு வந்து இன்னும் கீழே வெட்டுகிறது. மீதி முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. கையால் தடவிப் பார்த்தால் வழவழப்பு! நேர்முடி உடையவருக்கு அது வரம். சுருட்டை முடி உடையவருக்கு அதுவே வினை. இதில் எரிச்சலின் கணக்கு வேறு இருக்கிறது. ஐந்து பிளேடு ரேசரை ஒருமுறை இழுத்தால் அதே இடத்தில் ஐந்து விளிம்புகள் தேய்த்துச் செல்கின்றன. மூன்று இழுப்புக்குப் பதினைந்து. எந்தத் தோல்தான் பொறுக்கும்?

பல பிளேடால் புடைப்பு கூடுவதில்லை என்று சொல்லும் ஆய்வும் உண்டு. 2013-ல் ஒன்று வெளியாயிற்று. அதில் ரேசர் செய்யும் நிறுவனத்தாரின் பங்கும் இருந்தது. அதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் எரிகிற கழுத்து என்னுடையது. ஆகவே என் சந்தேகத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

பிளேடுகள் பெருகிய கதை வேடிக்கையானது. கிங் கேம்ப் ஜில்லெட் தம் ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1903-ல். அந்த ஆண்டு விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். 1904-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பாதுகாப்பான ரேசர் அவருக்கு முன்பே இருந்தது. அவருடைய புதுமை, மழுங்கினால் தூக்கி எறியக்கூடிய மெல்லிய தகட்டுப் பிளேடுதான். தாளைப் போன்ற எஃகுத் தகட்டைப் பதப்படுத்திக் கூர்தீட்ட முடியாது என்று பலர் கைவிரித்த நிலையில், அதற்கு இயந்திரம் அமைத்துக் கொடுத்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். (விளம்பரத்தில் அச்சானது ஜில்லெட்டின் படம். நிக்கர்சனின் பெயர் யாருக்குத் தெரியும்? அறிவியல் மாணவர்கள் பெருமூச்சு விடலாம்.) முதல் உலகப்போரில் அமெரிக்க இராணுவம் 35 இலட்சம் ரேசர்களை வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுத்தது. வீட்டுக்குத் திரும்பியவர்கள் தாமே சவரம் செய்துகொள்ளும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

1921-ல் அந்தக் காப்புரிமை முடிந்தது. இதுதான் நமக்கு முக்கியம். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அந்தப் பிளேடைச் செய்யலாம் என்றாயிற்று. இன்று எந்த நிறுவனத்தின் இருமுனைப் பிளேடும் எந்த நிறுவனத்தின் சேப்டி ரேசரிலும் பொருந்தும். கம்பெனிகளுக்கு இதில் இலாபம் குறைவு. ஆகவே புதிய தலை, புதிய காப்புரிமை. 1971-ல் இரட்டைப் பிளேடு வந்தது. 1975-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சி, தன் முதல் நாளிலேயே, மூன்று பிளேடு ரேசருக்குப் போலி விளம்பரம் ஒன்றைக் காட்டிக் கேலி செய்தது. 1998-ல் அந்தக் கேலி உண்மைச் சரக்காகவே கடைக்கு வந்துவிட்டது! 2003-ல் நான்கு. 2006-ல் ஐந்து.

நம் நாட்டை ஒட்டிய கதையும் ஒன்று உண்டு. 2002-ல் ஜில்லெட் நிறுவனம் இந்தியருக்கென்று ஒரு ரேசர் கொண்டுவந்தது. முன்னதாக அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள். அங்கே குழாய் நீர் கொட்டுகிறது. முடி அடைத்தால் கழுவிவிடலாம். இங்கே ஒரு குவளை நீரோடு திண்ணையில் உட்கார்ந்து சவரம் செய்பவர் கையில் அந்த ரேசர் அடைத்துக்கொண்டு நின்றது. பிறகு இங்கேயே வந்து வீடு வீடாகப் பார்த்து, 2010-ல் ‘கார்டு’ என்றொரு ரேசரை 15 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். அதில் எத்தனை பிளேடு தெரியுமா? ஒன்றே ஒன்று. அடர்ந்த தாடிக்கும் குவளை நீருக்கும் ஒரு பிளேடு போதும் என்று அவர்களே கண்ட பிறகு, நாம் ஏன் ஐந்துக்கு ஆசைப்பட வேண்டும்?

எங்கள் வீட்டில் முகச்சவரம் என்பது அப்பா ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போய்ச் செய்துகொள்ளும் காரியம். தினசரிச் சவரம் எங்கள் குடும்பத்தில் நுழைந்ததே நான் கல்லூரிக்கு வந்த பிறகுதான். ரேசரைப் பிடிக்கச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. நம்மில் பலருக்கு இந்த நிலைதான். ஆகவே ஆசிரியர் இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு ஆசிரியர் எங்கள் ஊர் சலூன் அண்ணன். அவர் கையில் இருப்பதும் ஒரு விளிம்புதான். புதுப் பிளேடை உறையோடு நம் கண்ணெதிரே இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுவார். மஞ்சள் காமாலைக்கும் எய்ட்ஸுக்கும் அஞ்ச வேண்டிய காலத்தில் அந்த ஒடிக்கும் ஓசை கேட்காமல் நாற்காலியில் சாயக்கூடாது. “அழுத்தாதே தம்பி, கத்தி தானா வெட்டும்” என்று அவர் சொன்னது எந்த விளம்பரத்திலும் இல்லாத பாடம். ஆனால் அவர் தோலை இழுத்துப் பிடித்து எதிர்த்திசையிலும் ஒருமுறை வழிப்பாரே, அது மட்டும் புடைப்புக்காரர்களுக்கு ஆகாது. தோலை இழுத்துப் பிடித்தாலும் எதிர்த்து வழித்தாலும் முடி மட்டத்துக்குக் கீழே வெட்டுப்படும்.

சரி, கடைக்குப் போய் எதைப் பார்த்து வாங்குவது? விலையையும் மினுமினுப்பையும் பிறகு பார்க்கலாம். பிளேடின் விளிம்புக்கும் அதன் அடியில் உள்ள பட்டைக்கும் இடையே உள்ள இடைவெளிதான் ரேசரின் குணத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. இடைவெளி குறைவாகவும், விளிம்பு வெளியே அதிகம் நீட்டாமலும் இருந்தால் அது சாது. அகலமாக இருந்தால் முரடு. அடிப்பட்டை சீப்புப் பல்லாக இல்லாமல் நேராக இருப்பது மென்மையான தோலுக்கு ஏற்றது. பிளேடைப் பூட்டிய பின் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; இரு பக்கமும் விளிம்பு ஒரே அளவு தெரிய வேண்டும். ஒரு பக்கம் கோணியிருந்தால் அந்தப் பக்கம் கடிக்கும்.

எடையும் முக்கியம். பிளாஸ்டிக் ரேசர் இலேசாக இருப்பதால் கை தன்னையறியாமல் அழுத்துகிறது. உலோக ரேசருக்குத் தன் எடையே போதும். பித்தளையில் செய்து முலாம் பூசியது நீடித்து உழைக்கும். மலிவான துத்தநாகக் கலவையில் முலாம் உரிந்ததும் உள்ளே அரிப்பு தொடங்கிவிடும். பிடியில் சொரசொரப்பு இருக்கட்டும், சோப்புக் கை வழுக்கும். பிடியைத் திருகினால் தலை இரு கதவாகத் திறக்கும் ரேசர் பார்க்க அழகுதான். ஆனால் நம் விடுதி உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து அதன் மூட்டுகளில் படிந்துவிட்டால் கழுவுவது தொல்லை. மூன்று துண்டாகக் கழற்றிக் கழுவும் சாதாரண ரேசரே மேல்.

ரேசர் ஒன்று, பிளேடு பலவகை. ஒருவர் தோலுக்கு இதமான பிளேடு இன்னொருவருக்கு எரியும். இங்கேதான் 1921-ன் பலன் நமக்குக் கிடைக்கிறது. நாலு வகைப் பிளேடில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிச் சோதித்துப் பார்த்தாலும், ஐந்து பிளேடுத் தலை ஒரு பெட்டியின் விலைக்கு ஆகாது. மழுங்கிய பிளேடே மென்மையானது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. மழுங்கியது வெட்டாது, இழுக்கும். இழுத்தால் இன்னொரு முறை வழிக்கத் தோன்றும்.

முடி எவ்வளவு மென்மையானது, எஃகு எவ்வளவு கடினமானது, பிறகு பிளேடு ஏன் கெடுகிறது? இந்தக் கேள்விக்கு எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் ‘சயன்ஸ்’ இதழில் விடை எழுதினார்கள். பிளேடின் எஃகு முடியைப்போல் ஐம்பது மடங்கு கடினமானது. ஆயினும் வெட்டும்போது முடி வளைந்து சாய்கிறது. விளிம்பில் எஃகின் அமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் அந்தச் சாய்ந்த விசை குவிந்து, கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் பெயர்கின்றன. தேய்வதோடு உடையவும் செய்கிறது! இயற்பியல் மாணவனுக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் வேண்டுமா? ஆகவே நாலைந்து சவரத்துக்கு ஒருமுறை பிளேடை மாற்றிவிடுவது என் வழக்கம்.

குளித்த பின் சவரம் செய்வது நல்லது. இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறிய முடி எளிதில் வெட்டுப்படும். முடி வளரும் திசையைத் தடவிப் பார்த்து அதே திசையில் ஒருமுறை வழித்தால் போதும். கழுத்தில் அது மேல்நோக்கியும் வளரும், பக்கவாட்டிலும் வளரும். கீறல் விழுந்தால் படிகாரம் இருக்கிறது. வாசனைச் சாராயம் கலந்த லோஷன்கள் எரிகிற தோலுக்கு வேண்டாம்.

இவ்வளவு செய்தும் புடைப்பு அடங்காதவர்கள் உண்டு. அவர்களுக்கு எந்த ரேசரும் ஆகாது. டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்வதே வழி. தோல் மருத்துவர்களும் அதையே சொல்கிறார்கள். அமெரிக்காவில் பீட்சா கொண்டு கொடுக்கும் ஊழியர் தாடி வைக்கக்கூடாது என்ற விதி, இந்தப் புடைப்பு மிகுதியாக வரும் கறுப்பின ஆண்களைப் பாதிக்கிறது என்று 1993-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நம் கல்லூரியில் அணிவகுப்பு நடத்துபவர்களுக்கும், நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தருபவர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். கழுத்தில் புடைப்புள்ள மாணவன் ஒரு மில்லிமீட்டர் தாடியோடு வந்து நின்றால், அவனைத் திருப்பி அனுப்பாதீர்கள். அதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை; கழுத்தைப் பார்த்தாலே போதும்.

கடைசியாக, பழைய பிளேடு. அமெரிக்காவின் பழைய வீடுகளில் குளியலறை மருந்துப் பெட்டியின் பின்புறம் ஒரு சிறு பிளவு இருக்கும். பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழும். இன்று அந்த வீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் சுவரை உடைத்தால் துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டுகின்றன. நமக்குச் சுவர் வேண்டாம். விடுதிக் குப்பையைக் கையால் அள்ளுகிறவர்களின் விரலை நினைத்து, காலியான பவுடர் டப்பாவில் உண்டியலைப்போல ஒரு பிளவு வெட்டி, அதில் போட்டுவரலாம். என் டப்பா ஓராண்டாகியும் கால்வாசி கூட நிறையவில்லை.