ஆபத்துக்குச் சேர்ந்தவர்கள் கலைந்துவிடக் கூடாது

கமாண்டோ வீடியோக்களை நிறையப் பேர் எனக்கு அனுப்புகிறீர்கள். அந்தப் படைகள் பிறந்த கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

1941இல் எகிப்தில் இருந்த டேவிட் ஸ்டிர்லிங் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரி, பெரிய படை வேண்டாம், நாலைந்து பேர் இரவில் போய் எதிரியின் விமானங்களைத் தகர்க்கலாம் என்றார். இந்தியாவிலிருந்து அங்கே மாற்றலாகிப் போயிருந்த தளபதி ஆக்கின்லெக் சம்மதித்தார். எஸ்.ஏ.எஸ். பிறந்தது. நவம்பரில் பாராசூட்டில் குதித்த முதல் தாக்குதலே புயலில் சிக்கித் தோற்றது. போனவர்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அடுத்த மாதமே லாரியில் போய் விமானங்களை அழித்தார்கள். அப்படிப்பட்ட படையை 1945இல் போர் முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். 1947இல் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1965 போரின்போது மேஜர் மேக் சிங், தாமாக முன்வந்த வீரர்களைச் சேர்த்து 'மேக்தூத்' படை அமைத்தார். மேற்குப் பகுதித் தளபதி ஹர்பக்ஷ் சிங் துணை நின்றார். போர் முடிந்த பிறகும் அந்த அனுபவத்தை வீணாக்கவில்லை. அதையே கருவாக வைத்து 1966 ஜூலை 1இல் 9 பாரா கமாண்டோ படையை உருவாக்கினார்கள். இதுதான் புத்திசாலித்தனம் என்பேன்.

கொரோனா சமயத்தில் கிணத்துக்கடவிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நம் பிள்ளைகள் மளிகையும் மருந்தும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தக் குழுக்கள் இன்று எங்கே? ஆபத்து வந்த பிறகு ஆள் தேடினால் நேரம் போய்விடும். அந்த வாட்ஸ்அப் குழு உங்கள் போனில் இன்னும் இருந்தால் அழிக்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது கூடிப் பேசுங்கள், கண்ணுகளா.